குலதெய்வ வழிபாடு: ஒரு விளக்கம்

மாணவர்களே, சைவநெறிப் பாடத்தில் கிராமிய வழிபாடு பற்றிய வினாவுக்கு விடை எழுதும்போது உங்களிற் பலர் குலதெய்வத்தையும் பிதிர்களையும் ஒன்றாக்கிவிடுகிறீர்கள். ஆடி அமாவாசையில் தந்தையை இழந்தோர் கீரிமலையில் தீர்த்தமாடிச் செய்யும் கடன் பிதிர் வழிபாடு. குலதெய்வம் என்பது ஒரு குடும்பத்தார் தந்தை வழியாகத் தலைமுறை தலைமுறையாகத் தமது காவலெனக் கொண்டு வணங்கும் தெய்வம். திருவள்ளுவரும் இல்வாழ்க்கை அதிகாரத்தில் தென்புலத்தாரையும் தெய்வத்தையும் வேறாகவே எண்ணுகிறார்.

ஆயினும் இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று எழுதிவிட வேண்டாம். போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு வழிபடும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலைகளாகக் கூறுகிறது. தமிழ்நாட்டில் மதுரைவீரன் போன்ற வீரர்களைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் இன்றும் உள்ளன.

எமது நாட்டில் வைரவர், ஐயனார், அண்ணமார், நாச்சிமார், வீரபத்திரர், காளி, நாகதம்பிரான் முதலிய தெய்வங்கள் இவ்வாறு வணங்கப்படுகின்றன. கோபுரமோ மண்டபமோ கட்டாயமன்று. வளவின் மூலையில் ஒரு மரம், அதன் கீழ் ஒரு சூலம் அல்லது கல், அவ்வளவே. ஆகமக் கிரியைகளும் வடமொழி மந்திரங்களும் இங்கு இல்லை. குடும்பத்தில் மூத்தவரே பொங்கி, மடை பரவிப் படைப்பார். வைரவருக்கு வடைமாலை சாத்துவார்கள். திருமணம், பிள்ளைப்பேறு, புதுமனை புகுதல் என எது நடந்தாலும் முதலில் அங்கேதான் விளக்கு எரியும். திருமணமான பெண் பெரும்பாலும் கணவன் வீட்டுத் தெய்வத்தையும் ஏற்றுக்கொள்வாள்.

மலையகத்துக்கு வந்தோர் மாடசாமியையும் முனியாண்டியையும் கூடவே கொண்டுவந்தனர். அங்கே தொழிலோடு சேர்ந்து புதிய காவல் தெய்வங்களும் தோன்றின. தேயிலைத் தொழிற்சாலையில் ரோதைமுனியும் மலையில் கவ்வாத்துசாமியும் அவ்வாறானவை. இவை குலதெய்வங்களல்ல, தொழில்வழித் தெய்வங்கள். இந்த வேறுபாட்டைக் குறிப்பிட்டால் விடை சிறக்கும்.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் (1822-1879) உயிர்ப்பலியையும் ஆகமம் சாராத வழிபாடுகளையும் கடுமையாகக் கண்டித்தார். காலப்போக்கில் அண்ணமார் இருந்த இடங்கள் சில பிள்ளையார் கோயில்களாயின. கண்ணகி அம்மன் கோயில்கள் சில இராஜராஜேஸ்வரி கோயில்களாயின. இதனை மேனிலையாக்கம் என்பர். பலி நின்றது நல்லதே. ஆனால் பெயர் மாறியபோது, அந்தக் குடும்பங்கள் பாடிவந்த கதைகளும் பாட்டுகளும் பல இடங்களில் மறந்துபோயின என்பதையும் நான் சொல்லாமல் விட முடியாது.

இடப்பெயர்வும் அவ்வாறே. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியோர் பலர் நீண்டகாலம் தமது வளவுத் தெய்வத்துக்கு விளக்கேற்ற முடியாமல் இருந்தனர். தெய்வம் மண்ணோடு கட்டுண்டது என்பதால், புதிய கோயிலுக்குப் போனாலும் அந்தக் குறை அவர்களுக்குத் தீரவில்லை.

ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவி, "சேர், எங்கட வைரவருக்குக் கோயில் இல்லை, பூவரசுக்குக் கீழ சூலம் மட்டும்தான். அதை எழுதினால் புள்ளி வருமா?" என்று தயங்கிக் கேட்டாள். எழுதச் சொன்னேன். 'சிறுதெய்வம்' என்ற சொல்லைப் புத்தகத்திற் கண்டு அவள் கூசியிருக்கிறாள். அது வகைப்படுத்தும் சொல்லேயன்றி மதிப்பிடும் சொல்லன்று. மற்றவர்கள் பெரிய கோயில்களின் பெயர்களை மனனம் செய்து அடுக்கியிருக்க, அவள் பொங்கல் நாளையும் படையலையும் அப்பப்பா சொல்லும் மன்றாட்டையும் எழுதியிருந்தாள். அந்த வகுப்பில் அவளது விடைக்கே கூடிய புள்ளி கொடுத்தேன்.

நீங்களும் பரீட்சைக்கு முன் அப்பாச்சியிடமோ அப்பப்பாவிடமோ கேட்டு, தெய்வத்தின் பெயர், இடம், பொங்கல் நாள், படையல் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.