ஒரே செயல், இரு சொற்கள்: பாலியல் தொழிலும் பாலுறவுப் படமும் சட்டத்தின் பார்வையில்

பணம் பெற்றுக்கொண்டு உடலுறவுக்கு இசைவது குற்றம். அதே உறவைப் படக்கருவியின் முன் பணம் பெற்றுக்கொண்டு நிகழ்த்துவது குற்றமன்று. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் நிலவும் சட்டநிலை இது. கேட்பவர் எவருக்கும் முதலில் எழுவது, செயல் ஒன்றுதானே, பணமும் இருக்கிறதே, பிறகு வேறுபாடு எங்கிருந்து வந்தது என்னும் ஐயமே. சட்டக்கல்வி நம் துறையன்று. ஆயினும் இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி சொற்பொருளில் தங்கியிருப்பதால், மொழியியல் படித்தோர் இதில் நுழைவதற்குக் காரணம் உண்டு.

சொற்பிறப்பிலிருந்து தொடங்குவோம். ஆங்கிலத்தில் பாலுறவுப் படத்தையும் எழுத்தையும் குறிக்கும் ‘போர்னோகிராஃபி’ என்னும் சொல் கிரேக்க மூலத்தது. ‘போர்னே’ என்பது விலைமகளைக் குறிக்கும்; விற்றல் என்னும் பொருளுடைய வினையோடு தொடர்புடையது. ‘கிராஃபெய்ன்’ என்றால் எழுதுதல். விலைமகளிரைப் பற்றி எழுதுதல் என்பதே அச்சொல்லின் பழம்பொருள். பாலியல் தொழிலைக் குறிக்கும் ‘பிராஸ்டிடியூஷன்’ என்பதோ இலத்தீனிலிருந்து வந்தது. முன்னே நிறுத்துதல், பலர் காண வைத்தல் என்பது அதன் அடிப்பொருள். ஆகப் படத்தைக் குறிக்கும் சொல்லுக்குள் விற்பனை இருக்கிறது. விற்பனையைக் குறிக்கும் சொல்லுக்குள் காட்சி இருக்கிறது. சொற்கள் ஒன்றாக முடிந்துவைத்ததைச் சட்டம் பிரித்துப் பார்க்கிறது.

எவ்வாறு பிரிக்கிறது என்பதற்குத் தெளிவான சான்று, 1988ஆம் ஆண்டு கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ‘மக்கள் எதிர் ஃப்ரீமன்’ வழக்கு. ஃப்ரீமன் ஒரு படத் தயாரிப்பாளர். தம் படத்தில் உடலுறவுக் காட்சிகளில் நடிக்க நடிகர்களுக்கு ஊதியம் கொடுத்தார். அரசுத்தரப்பு அவர்மீது ஆபாசப் படம் எடுத்ததாக வழக்குத் தொடரவில்லை. பாலியல் தொழிலுக்கு ஆள்சேர்த்ததாகத் தொடர்ந்தது. கீழ்நிலை நீதிமன்றங்களில் அவர் குற்றவாளி எனக் காணப்பட்டார். உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது.

அம்மாநிலச் சட்டம், பணத்துக்காகவோ வேறு கைம்மாறுக்காகவோ இருவரிடையே நிகழும் காமச் செயலைப் பாலியல் தொழில் என வரையறுக்கிறது. மேலோட்டமாகப் படித்தால் படப்பிடிப்பும் இதனுள் அடங்கும். நீதிமன்றம் ‘காமச் செயல்’ என்ற தொடரில் நின்றுவிட்டது. அச்செயல் பணம் கொடுப்பவரின் அல்லது பெறுபவரின் பாலுணர்வைத் தூண்டவோ நிறைவுசெய்யவோ நிகழ வேண்டும் என்று அதற்குப் பொருள் கண்டது. ஃப்ரீமன் கொடுத்த பணம் அவருடைய இன்பத்தின் பொருட்டன்று, நடிகருடைய இன்பத்தின் பொருட்டுமன்று. படம் உருவாவதன் பொருட்டுக் கொடுத்த நடிப்பூதியம். ஆகவே அது வரையறைக்குள் வரவில்லை.

நான்காம் வேற்றுமையின் பொருள்களைப் பட்டியலிடும் நன்னூல், ‘பொருட்டு’ என்பதை அவற்றுள் ஒன்றாகச் சொல்கிறது. இலக்கண வகுப்பில் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு நாம் கடந்துபோகும் அந்த ஒரு சொல்லின்மேல் இங்கே ஒரு மனிதரின் சிறைவாசம் நின்றது. ‘பணத்துக்காகச் செய்தார்’ என்னும் வாக்கியம் இரண்டு இடங்களுக்கும் பொருந்தும். யார், எதன் பொருட்டு, யாருக்குக் கொடுத்தார் என்ற வேற்றுமை உறவுகளை நிரப்பினால்தான் இரண்டும் பிரிகின்றன. தொழிலில் பணம் கொடுப்பவர் செயலில் பங்குகொள்கிறார். படத்தில் அவர் வெளியே நிற்கும் மூன்றாமவர். உண்மையான நுகர்வோராகிய பார்வையாளர் அதற்கும் அப்பால் இருக்கிறார்.

நீதிமன்றம் இரண்டாவதாக ஒரு காரணமும் கூறியது. திரைப்படம் கருத்து வெளிப்பாடு. அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அதைக் காக்கிறது. ஆபாசம் மட்டுமே அக்காப்புக்குப் புறம்பானது. ஆபாசச் சட்டத்தின் வாயிலாகத் தொட முடியாத படத்தை ஆள்சேர்ப்புச் சட்டத்தின் வாயிலாகத் தண்டிக்க முனைவது, முன்வாசல் அடைத்திருக்கக் கொல்லைப்புறமாக நுழைவதற்கு ஒப்பாகும். 2008இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநில உச்ச நீதிமன்றத்தின் முன் இன்னும் சிக்கலான வழக்கு வந்தது. நீதிமன்றக் காவல் பணியாளர் ஒருவர் ஓர் இணையரிடம், தாம் காணொளி எடுக்க அவர்கள் உறவுகொண்டால் மணிக்கு 50 டாலர் தருவதாகக் கூறினார். அவர் படநிறுவனம் நடத்துபவர் அல்லர். இருந்தும், தம் பாலின்பத்தின் பொருட்டு அழைத்தார் என்று மெய்ப்பிக்கப்படாததால் தண்டனை நீக்கப்பட்டது. சட்டநெறி சரியாக இருக்கலாம். ஆயினும் கருவி ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்கு ஒரு நீதி, வைத்திராதவருக்கு வேறொரு நீதி என்று எளிய மனிதர் இதைப் புரிந்துகொண்டால் அவரைக் குறைகூற இயலாது.

இப்பகுப்பு எல்லா நாட்டுக்கும் பொதுவானதன்று என்பதற்கு நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. சிங்கப்பூர்ச் சட்டம் ஏறக்குறைய இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. இங்கே வயதுவந்த ஒருவர் தாமே விரும்பிப் பாலியல் தொழிலில் ஈடுபடுவது தன்னளவில் குற்றமன்று. பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைப்பதும், விடுதி நடத்துவதும், பிறருடைய அவ்வருவாயில் வாழ்வதும் குற்றங்கள். அவற்றுட் பல 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனத்தில் இடம்பெற்றுள்ளன. ஆபாசப் படம் எடுப்பதும் வைத்திருப்பதுமோ 1981ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி குற்றங்கள். அங்கே படம் காக்கப்படுகிறது, செயல் தண்டிக்கப்படுகிறது. இங்கே செயல் பொறுத்துக்கொள்ளப்படுகிறது, படம் தண்டிக்கப்படுகிறது. இரண்டு நாடுகளும் செயலையும் படத்தையும் வேறு பொருள்களாகவே காண்கின்றன. எதற்கு அஞ்சுகின்றன என்பதில்தான் மாறுபடுகின்றன.

இங்குள்ள அச்சத்தின் வேர் இங்கிலாந்தில் உள்ளது. 1868இல் ‘ஹிக்ளின்’ வழக்கில், படிப்பவர் மனத்தைக் கெடுத்துச் சீரழிக்கும் போக்குடையதா என்பதே ஆபாசத்துக்கு அளவுகோல் என்று தீர்ப்பாயிற்று. பேரரசு சென்ற இடமெல்லாம் அவ்வளவுகோலும் சென்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 1964இல் அதை ஏற்று, 2014இல்தான் கைவிட்டது. அமெரிக்கா 1957இலேயே விலகி, 1973இன் ‘மில்லர்’ தீர்ப்பில் மூன்று வினாக்களை நிறுவியது: சராசரி மனிதர் தம் சமூக அளவுகோல்படி அதை முழுமையாக நோக்கினால் காமத் தூண்டலாகக் காண்பாரா, சட்டம் குறித்துள்ள பாலியற் செயலை அருவருக்கத்தக்கவாறு காட்டுகிறதா, குறிப்பிடத்தக்க இலக்கிய, கலை, அரசியல், அறிவியல் மதிப்பு இன்றி உள்ளதா. மூன்றுக்கும் ஆம் என்ற விடை வந்தாலன்றி ஒரு படம் ஆபாசமாகாது.

தமிழாசிரியர்களாகிய நாம் இடறி விழும் இடமும் இதுவே. நம் செய்தித்தாள்கள் பாலுறவுப் படத்தையும் ‘ஆபாசப் படம்’ என்கின்றன. சட்டம் தடைசெய்த படத்தையும் ‘ஆபாசப் படம்’ என்கின்றன. மில்லர் தீர்ப்பைத் தமிழில் அவ்வாறே எழுதினால், ‘எல்லா ஆபாசப் படமும் ஆபாசமன்று’ என்ற முரண்தொடர் கிடைக்கும். முன்னது வகையைக் குறிக்கும் பெயர். பின்னது தீர்ப்பைக் குறிக்கும் பெயர். வகைக்குப் ‘பாலுறவுப் படம்’ என்றும், சட்டத்தின் முடிவுக்கு மட்டும் ‘ஆபாசம்’ என்றும் வைத்துக்கொள்வது நலம் எனக் கருதுகிறோம். இக்கட்டுரையிலும் அவ்வாறே ஆண்டுள்ளோம்.

‘ஆபாசம்’ என்பதன் வடமொழி மூலத்துக்குத் தோற்றம், போலித்தோற்றம் என்பனவே பொருள். ‘விபசாரம்’ என்பதன் மூலத்துக்கு நெறிவிலகல் என்பது பொருள். வியப்பு என்னவெனில், இந்தியத் தருக்க நூல்களில் இவ்விரண்டும் அருகருகே அமர்ந்திருக்கின்றன: ஏதுப் போலிகளுக்கு ‘ஹேத்வாபாசம்’ என்று பெயர், அவற்றுள் ஒருவகை ‘சவ்யபிசாரம்’. பிழையான வாதத்தைக் குறித்த சொற்கள் தமிழ் வழக்கில் உடலைப் பழிக்கும் சொற்களாயின. ‘விபசாரம்’ முன்பு பிறன்மனை உறவையும் குறித்தது. இப்போது தொழிலையே பெரிதும் குறிக்கிறது. நீதிமன்றத்தில் ஒரு பெண்ணின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பவர் ‘விபசாரி’ என்கிறாரா, ‘பாலியல் தொழில் செய்பவர்’ என்கிறாரா என்பது சுவைவேறுபாடன்று. முதற்சொல் வழக்கு முடியும் முன்பே அவருடைய ஒழுக்கத்தின்மேல் ஒரு முடிவைச் சொல்லிவிடுகிறது. இவ்வெச்சரிக்கையை மொழிபெயர்ப்பு மாணவர்களுக்குப் பாடத்திட்டத்திலேயே கற்பிக்க வேண்டும்.

செயலுக்கும் சொல்லுக்கும் இடையில் சட்டம் போட்ட கோட்டை எதிர்த்தவர்களும் உண்டு. கேத்தரின் மெக்கின்னன், ஆண்ட்ரியா துவொர்கின் ஆகியோர் பாலுறவுப் படம் பெண்களை அடிமைப்படுத்தும் ஒரு செயலே, வெறும் கருத்தன்று என்று வாதிட்டனர். அவர்கள் வகுத்த நெறியில் இண்டியானாபொலிஸ் நகரம் 1984இல் சட்டம் இயற்றியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985இல் அதைச் செல்லாததாக்கியது. அப்படங்களால் தீங்கு விளையலாம் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. அத்தீங்கே கருத்து வெளிப்பாட்டின் வலிமையைக் காட்டுகிறது என்றது. சொல்லுவதே செய்வதாகும் வினைகள் உண்டு என்று மெய்யியலார் ஜே.எல். ஆஸ்டின் விளக்கியதை அறிந்தோர்க்கு இத்தீர்ப்பு முழு நிறைவு தராது. ‘மணவிலக்கு அளிக்கிறேன்’ என்று ஒரு நீதிபதி சொல்வது கருத்து மட்டுமன்று. அதே வேளையில், எல்லாச் சித்திரிப்பையும் செயலாக்கிவிட்டால் புதினமும் ஓவியமும் எங்கே நிற்கும் என்ற கேள்வியும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

குழந்தைகள் தொடர்பில் மட்டும் இக்கோடு இல்லை. படம் உருவாவதே ஒரு குழந்தைக்கு இழைக்கும் கொடுமை என்பதால் 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆபாசமா என்ற ஆய்வே தேவையில்லை என்றது. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டம் 2020 முதல் அதனைச் சிறார் வதைப் பொருள் என்னும் கருத்துடைய பெயரால் குறிக்கிறது. ‘எழுதுதல்’ என்ற கிரேக்க வேர் அப்பெயரில் இல்லை.

ஃப்ரீமன் தீர்ப்பு தயாரிப்பாளர், நடிகர், பார்வையாளர் என மூவரை எண்ணிக் கட்டப்பட்டது. இணைய நேரலையில் தயாரிப்பாளர் இல்லாமற்போகலாம். பார்ப்பவரே பணம் செலுத்துகிறார், இன்னது செய்க என ஏவுகிறார், தம் இன்பத்தின் பொருட்டே அதைச் செய்கிறார். தொடுதல் மட்டும் இல்லை. 1999 முதல் பாலியல் சேவையை விற்பவரை விடுத்து வாங்குபவரைத் தண்டித்துவரும் சுவீடன், 2025 ஜூலை முதல் நாள் தொட்டு, தொலைவிலிருந்து பணம் கொடுத்துப் பாலியற் செயல் செய்விப்பதையும் குற்றமாக்கியுள்ளது. முன்பே பதிவுசெய்து வைத்த படத்தை வாங்கிப் பார்ப்பது அச்சட்டத்துள் அடங்காது. அங்கே தொழிலையும் படத்தையும் பிரிக்கும் கோடு இப்போது வினையின் காலத்தில் விழுந்திருக்கிறது: ‘செய்’ என்று ஏவி வாங்கினால் குற்றம், ‘செய்தது’ ஒன்றை வாங்கினால் குற்றமில்லை.