அழுக்ககற்றிகளும் உயிர்க்கலத்தின் சத்தியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீர் என்பது எவரும் அறிந்ததே. மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கித் தங்கும் மாரிமழை, அக்கல்லிலிருந்து கல்சியத்தையும் ஓரளவு மகனீசியத்தையும் கரைத்துக்கொள்ளுகின்றது. அந்நீரிற் சவர்க்காரத்தைத் தேய்த்தால், நுரை எழுமுன் திரைந்த பால் போன்ற வெண்படிவு தோன்றும். சவர்க்காரத்தின் கொழுப்பமிலப் பகுதி கல்சியத்தோடு கூடிக் கரையாத உப்பாகிவிடுதலே இதற்குக் காரணம். முன்னோர் தலைமுழுக்கிற்குக் கொண்ட அரப்பிலும் சீயாக்காயிலும் சபோனின் என்னும் பொருள் உண்டு. அது வன்னீரிலும் நுரைக்க வல்லது. இருபதாம் நூற்றாண்டிற் பரவிய செயற்கை அழுக்ககற்றித் தூள்களும் அத்தகையனவே. அவற்றின் சல்போனேற்றுப் பகுதி கல்சியத்தோடு எளிதிற் படிவதில்லை. உடுப்புத் தோய்ப்போருக்கு இது பெருநன்மை. ஆயினும், கல்சியத்தாற் கட்டுண்ணாது நீரிற் கரைந்தே நிற்கும் இப்பொருள் உயிர்க்கலமொன்றைத் தீண்டும்போது யாது நிகழும் என்பது ஆராயத்தக்கது.

அழுக்ககற்றியின் மூலக்கூறு இருதன்மை உடையது. அதன் ஒரு முனை நீரை நாடும். மற்றைய முனையாகிய நீண்ட ஐதரோகாபன் வால் நீரை விலக்கி எண்ணெயை நாடும். இதனை 'தலை' என்றும் 'வால்' என்றும் வழங்குதல் வசதியாகும். நீரிற் சிறிதளவே இருக்கும்போது மூலக்கூறுகள் தனித்தனி உலாவும். குறித்த செறிவொன்றைக் கடந்ததும் வால்கள் உள்ளேயும் தலைகள் வெளியேயும் அமையத் திரண்டு நுண்ணிய உருண்டைகளாகின்றன. துணியின் எண்ணெய்ப்பசை அவ்வுருண்டைகளின் அகத்தே புகுந்து நீரோடு நீங்குகின்றது.

இனி, உயிர்க்கலத்தின் மென்சவ்வும் இதே அமைப்பினாலாகியது என்பதே இங்கு முதன்மையாகக் கருதவேண்டியது. 1925ஆம் ஆண்டிற் கோட்டர், கிறெண்டல் என்னும் ஒல்லாந்த அறிஞர் இருவர் செங்குருதிக் கலங்களின் கொழுப்பைப் பிரித்து நீர்ப்பரப்பிற் பரப்பி அளந்தனர். அது கலங்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்கு இடத்தை நிரப்பியது. மென்சவ்வு இரு படைகளால் ஆனது என்னும் முடிபு இவ்வாறு பிறந்தது. தலையும் வாலும் உடைய பொசுபோலிப்பிட்டு மூலக்கூறுகள், வாலோடு வால் நோக்க அடுக்கப்பட்ட படைகள் அவை. மென்சவ்வின் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரை இரண்டு இலட்சம் கூறாக்கின் அதில் ஒரு கூறளவே. துணியின் எண்ணெய்க்கும் இம்மெல்லிய வேலிக்கும் அழுக்ககற்றி வேற்றுமை அறியாது.

இவ்வேலி வெறும் எல்லையன்று; கலத்தின் சத்தியே இதனைச் சார்ந்தது. கலத்தினுள் இழைமணி என்னும் நுண்ணுறுப்புகள் உள. உணவிலிருந்து பெறப்படும் இலத்திரன்கள் அவற்றின் உள்மென்சவ்விலுள்ள புரதங்களூடாகச் சென்று ஈற்றில் ஒட்சிசனை அடைகின்றன. அப்போது வெளிப்படும் சத்தியால் ஐதரசன் அயன்கள், அதாவது புரோத்தன்கள், மென்சவ்வின் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்துக்குத் தள்ளப்படுகின்றன. அவை மீளும் வழியில் ஒரு நொதியத்தைச் சுழற்ற, அந்நொதியம் ஏ.ரீ.பி. என்னும் சத்திப்பொருளை ஆக்குகின்றது. பீற்றர் மிற்செல் 1961இல் இக்கொள்கையை வெளியிட்டபோது ஏற்றோர் சிலரே. 1978இல் அவருக்கு இரசாயனத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. மென்சவ்வின் இருபுறத்திடையே நிற்கும் மின்னழுத்த வேறுபாடு ஏறத்தாழ 0.15 வோற்று. சிறிதெனத் தோன்றும் இவ்வளவை மென்சவ்வின் தடிப்போடு ஒப்பிட்டாற் மீற்றருக்கு மூன்று கோடி வோற்று ஆகும்!

வன்னிப் பெருநிலத்துக் குளமொன்றை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். அணைக்கட்டு நீரைத் தேக்குகின்றது. துருசு வழியே பாயும் நீரே வயலுக்குப் பயன்படும். கட்டில் நண்டுப் பொந்துகள் விழுமாயின், கட்டு உடையாமலே நீர் வீணாக வடிந்துபோம். அழுக்ககற்றி சிறிதளவிற் புகும்போது நிகழ்வதும் அதுவே. அதன் மூலக்கூறுகள் பொசுபோலிப்பிட்டுகளுக்கிடையே செருகப்பட, அடுக்கின் ஒழுங்கு குலைந்து புரோத்தன்கள் கசிகின்றன. இழைமணி அக்குறையை ஈடுசெய்ய முயன்று முன்னிலும் விரைவாக ஒட்சிசனைச் செலவிடும், ஏ.ரீ.பி. மட்டும் உண்டாகாது; சத்தி வெப்பமாகக் கழியும். சுழலும் நொதியமோ எதிர்த்திசையிற் சுழன்று, உள்ள ஏ.ரீ.பி.யையும் சிதைக்கத் தலைப்படும். செறிவு மேலும் கூடினால் மென்சவ்வே உருண்டைகளாய்க் கரைந்துபோம். கரைதலே கேடு எனப் பலர் கருதுவர். கேடு அதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றது.

இக்குணத்தை ஆய்வாளர் கருவியாகவும் கொண்டுள்ளனர். டிஜிற்ரோனின் என்பது அரப்பின் இனத்ததாகிய ஒரு சபோனின். கொலஸ்திரோலைப் பற்றிக்கொள்ளும் இயல்பினது. இழைமணியின் வெளிமென்சவ்விற் கொலஸ்திரோல் கூடுதலாகவும் உள்மென்சவ்வில் மிகக் குறைவாகவும் இருத்தலால், அளவறிந்து இட்டால் வெளித்தோலை மட்டும் உரித்தெடுக்கலாம்.

உடலும் தானே ஓர் அழுக்ககற்றியை ஆக்குகின்றது. பித்த உப்புகள் உணவுக் கொழுப்பைச் சிறு துளிகளாக்கிச் சமிபாட்டிற்கு உதவுவன. பித்தத்தில் அவை பொசுபோலிப்பிட்டுகளோடு கலந்தே வருதலால் குழாய்ச் சுவர்கள் பெரிதும் தப்புகின்றன. பித்தம் வடியாது தேங்கும் நோயிலோ, அவ்வுப்புகள் கல்லீரற் கலங்களின் இழைமணிகளையே தாக்குகின்றன.

மீண்டும் கிணற்றடிக்கு வருவோம். கிணற்று நீரிற் கலக்கும் சிற்றளவு அழுக்ககற்றி மனிதனை உடனே வீழ்த்தும் எனல் மிகையாகும். தோலின் இறந்த மேற்படையும் குடலின் சளிப்படையும் வலிய காவல்கள். மீனுக்கு அக்காவல் இல்லை. அதன் பூக்களில் உயிருள்ள மெல்லிய கலங்கள் நீரோடு நேரே உறவாடுகின்றன. ஒரு லீற்றர் நீரிற் சில மில்லிகிராம் அழுக்ககற்றியே பல மீனினங்களுக்குத் தீங்காகும். முதலில் வந்த கிளைவால் அழுக்ககற்றிகள் சிதையாது நின்று மேலைநாட்டு ஆறுகளை நுரையால் மூடின; அதனால் 1960களின் நடுவில் நேர்வால் வகைகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. நேர்வாலைப் பற்றீரியாக்கள் நுனியிலிருந்து இரண்டிரண்டு காபன் அணுக்களாக அரிந்து உண்ணும். எனினும் அதற்கு மண்ணும் ஒட்சிசனும் காலமும் வேண்டும். உறையின்மேல் 'இயற்கையிற் சிதைவது' என அச்சிட்டோர் இம்மூன்றையும் அச்சிடுவதில்லை.

வற்றாத ஆறு ஒன்றுமில்லாத குடாநாட்டில், கடல்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையே குடிநீர். வலிகாமத்துச் செம்மண்ணிற் பரவி ஊறும் தோய்த்த நீர், வாழையின் வேரடியிற் பற்றீரியாக்களிடம் நெடுநேரம் தங்குகின்றது. கிணற்றுக் கட்டின் பிளவினூடே கல்வெடிப்பில் விழும் நீரோ, மண்ணைத் தீண்டாமலே நிலத்தடி நீரைச் சேர்ந்துவிடுகின்றது.