ஐஸ் ஸ்டார்ம்: கரண்ட் போனா வீட்டுக்குள்ள என்னென்ன நடக்கும்?

கனடாவுக்குப் புதுசா வந்த நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க. "ப்ரோ, இது எங்களுக்கு முதல் வின்டர். ஐஸ் ஸ்டார்ம் வந்து கரண்ட் போச்சுன்னா என்ன பண்றது? மெழுகுவர்த்தி வாங்கி வச்சா போதுமா?" போதாது. ஏன் போதாதுங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட்.

நம்ம ஆளுங்களுக்கு பவர் கட் புதுசு இல்ல. 2012-ல கோயம்புத்தூர், மதுரைப் பக்கம் இருந்தவங்களுக்கு ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல கரண்ட் இல்லாம உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கும். யாழ்ப்பாணத்துல 1990-க்கு அப்புறம் வருஷக்கணக்கா கரண்ட்டே கிடையாது. குப்பி விளக்குல படிச்சுப் பரீட்சை எழுதின தலைமுறைதான் இப்போ ஸ்கார்பரோவுல வீடு வாங்கி இருக்கு. அதனால நமக்கு ஒரு தைரியம் இருக்கு, "இதெல்லாம் பார்க்காததா"ன்னு. அந்தத் தைரியம் இருட்டுக்குச் சரி. ஆனா ஊர்ல கரண்ட் போனா ஃபேன் நிக்கும், விசிறிக்கிட்டே காத்திருப்போம், அவ்வளவுதான். இங்க கரண்ட் போன நிமிஷத்துல இருந்து வீடு ஆற ஆரம்பிக்குது. சும்மா காத்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் வீட்டுச் சூடு குறைஞ்சுக்கிட்டே போகும்.

முதல்ல இந்த உறைபனி மழை எப்படி வருதுன்னு பார்த்துடலாம். மேல மேகத்துல இருந்து ஸ்னோவா கிளம்புறது, நடுவுல ஒரு வெதுவெதுப்பான காற்று அடுக்கைத் தாண்டும்போது உருகி மழைத்துளியாகுது. தரைக்குப் பக்கத்துல மறுபடியும் பூஜ்ஜியத்துக்குக் கீழ ஒரு மெல்லிய குளிர் அடுக்கு. அதுக்குள்ள திரும்ப உறையறதுக்குத் துளிக்கு நேரம் பத்தாது. தண்ணியாவே விழுந்து, எதைத் தொடுதோ அது மேலயே ஐஸா ஒட்டிக்கும். மரக்கிளை, கார் கண்ணாடி, கரண்ட் கம்பி, எல்லாத்துக்கும் கண்ணாடி உறை போட்ட மாதிரி இருக்கும். பார்க்க அழகுதான், இன்ஸ்டால போடலாம். ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. 2 சென்டிமீட்டர் தடிமனான கம்பியைச் சுத்தி 12 மில்லிமீட்டர் ஐஸ் படிஞ்சா, ஒரு மீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல எடை. 50 மீட்டர் கம்பிக்கு 55 கிலோ. அதாவது ரெண்டு கம்பத்துக்கு நடுவுல ஒரு ஆள் ராத்திரி பூரா தொங்கிக்கிட்டு இருக்கிற மாதிரி. இது கம்பியோட கதை மட்டும்தான். மேல சாயுற மரத்தோட பாரம் தனி.

1998 ஜனவரியில மான்ட்ரியலுக்குத் தெற்கே சில இடங்கள்ல ஒரே வாரத்துக்குள்ள 100 மில்லிமீட்டர் வரைக்கும் இப்படிப் பெய்தது. இரும்பு டவர்களே மடிஞ்சு விழுந்துச்சு. கியூபெக்ல சுமார் 14 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போச்சு. ராணுவம் இறங்கியும் சில ஊர்களுக்குத் திரும்ப வர ஒரு மாசம் ஆச்சு. டொரோன்டோவுக்கு அந்த மாதிரி ஒரு அனுபவம் 2013 டிசம்பர்ல, கிறிஸ்துமஸுக்கு மூணு நாள் முன்னாடி. நகரத்துக்குள்ள மட்டும் சுமார் 3 லட்சம் இணைப்புகள் அவுட். ஸ்கார்பரோவுக்கு அதுல பலத்த அடி. நான் அப்போ அங்கதான் ஒரு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி வீட்டு பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருந்தேன்.

மழை நின்னாச்சே, முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. முடியல. அடுத்து வந்த குளிர் மைனஸ் பத்துக்கும் கீழ இறங்குச்சு. ஐஸ் உருகவே இல்ல. மழை நின்னு ரெண்டு நாள் கழிச்சும் கிளைங்க துப்பாக்கி சத்தம் மாதிரி முறிஞ்சு விழுந்துக்கிட்டே இருந்துச்சு. சரி பண்ணின கம்பி மேலயே மறுபடி விழும். "நாளைக்கு வந்துடும்"னு மூணு நாள் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

இப்போ வீட்டுக்குள்ள வருவோம். "எங்க வீட்ல கேஸ் ஹீட்டிங், கரண்ட் போனா என்ன?"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். நண்பா, எரியறது கேஸ்தான். ஆனா பத்த வைக்கிறது, கன்ட்ரோல் பண்றது, அந்தச் சூட்டை ரூமுக்கு ரூம் ஊதித் தள்றது எல்லாம் கரண்ட். கரண்ட் இல்லாத ஃபர்னஸ் வெறும் தகரப் பெட்டி. அபார்ட்மென்ட்ல மேல் மாடியில இருக்கீங்கன்னா லிஃப்ட்டோட சேர்த்து தண்ணியும் போயிடலாம், ஏன்னா தண்ணியை மேல தள்றது பம்ப். பில்டிங் ஜெனரேட்டர் பெரும்பாலும் எமர்ஜென்சி லைட், தீயணைப்பு பம்ப் மாதிரி விஷயத்துக்குத்தான், அதுவும் சில மணி நேரத்துக்கு. அதனால ஐஸ் ஸ்டார்ம் எச்சரிக்கை வந்தா மெழுகுவர்த்திக்கு ஓடுறதுக்கு முன்னாடி பாத்டப்புல தண்ணி பிடிச்சு வைங்க. டாய்லெட்டுக்கு ஆகும்.

அடுத்து சொல்றதுதான் இந்த எபிசோட்லயே முக்கியமான பகுதி. இப்படிப்பட்ட புயல்ல வீட்டுக்குள்ள இருக்கிறவங்களைக் குளிர் கொல்றதுக்கு முன்னாடி, குளிரைப் போக்க அவங்க செய்ற காரியம் கொன்னுடுது. கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்ல, வாசனை இல்ல. நம்ம ரத்தத்துல ஆக்சிஜனைத் தூக்கிட்டுப் போற ஹீமோகுளோபின், ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா இந்த வாயுவைப் பிடிச்சுக்கும். மூச்சு விட்டுக்கிட்டே இருப்பீங்க, ஆனா உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. முதல்ல தலைவலி, வாந்தி வர்ற மாதிரி ஒரு உணர்வு, அசதி. ரெண்டு நாள் சரியாத் தூங்காம, குளிர்ல இருக்கிற ஒருத்தருக்கு இது "சாதாரணக் களைப்பு"ன்னுதான் தோணும். படுத்துடுவாங்க. அங்கதான் ஆபத்து.

2013-ல ரெண்டாம் நாள் சாயந்திரம், மேல ஆன்ட்டி வீட்டுக்கு அவங்க மருமகன் குடும்பத்தோட வந்திருந்தார். அவங்க வீட்லயும் கரண்ட் இல்ல. அவர் கராஜ் கதவைப் பாதி தூக்கி வச்சுட்டு, கரி அடுப்பைப் பத்த வச்சு, தணல் ஆனதும் வீட்டுக்குள்ள போற கதவைத் திறந்து விட்டிருந்தார். "புகையே இல்லையே, தணல்தானே"ன்னார். நம்ம ஊர்ல கணப்பு மூட்டிப் பழகின யாரும் அப்படித்தான் சொல்வாங்க. ஆனா புகை இல்லாம கனன்றுக்கிட்டு இருக்கிற கரிதான் இந்த வாயுவை அள்ளிக் கொட்டும். கொஞ்ச நேரத்துல மேல மாடியில இருந்த பேட்டரி அலாரம் கத்த ஆரம்பிச்சுது. சின்னப் பேத்தி ஏற்கெனவே தலை வலிக்குதுன்னு சோஃபாவுல சுருண்டிருந்தா. ஆன்ட்டி ஒரு வார்த்தை விவாதம் பண்ணல. "எல்லாரும் வெளியில வாங்கோ, ஜாக்கெட்டைப் பிறகு எடுக்கலாம்"னு பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஸ்னோவுல இறங்கிட்டாங்க. 911 கூப்பிட்டோம். தீயணைப்பு வண்டி வந்து அளந்து பார்த்துட்டு, இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா என்னன்னு சொல்லாமலேயே தலையை ஆட்டிட்டுப் போனாங்க. அந்த அலாரத்தோட விலை ஒரு பிரியாணி பார்சலோட கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

ஒண்டாரியோவுல கேஸ் அல்லது விறகு எரியற வீடுகள்ல இந்த அலாரம் 2014-ல இருந்து சட்டப்படி கட்டாயம். ஆனா சுவர் கரண்ட்ல மட்டும் ஓடுற அலாரம் கரண்ட் போனதும் ஊமையாயிடும். உங்களுடையதுல பேட்டரி இருக்கான்னு பாருங்க. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட கேளுங்க, வெட்கப்பட ஒண்ணும் இல்ல. கரி அடுப்பு, பார்பெக்யூ, கேம்பிங் ஸ்டவ் எதுவும் வீட்டுக்குள்ள வேண்டாம். கராஜும் வீட்டுக்குள்ளதான், கதவு திறந்திருந்தாலும். ஜெனரேட்டர் வெளியில, ஜன்னல்ல இருந்து குறைஞ்சது 6 மீட்டர் தள்ளி. கேஸ் ஸ்டவ்வைத் தீக்குச்சியால பத்த வச்சு டீ போடலாம், கஞ்சி வைக்கலாம். அதையே ஹீட்டரா ஓட விட்டுட்டுப் படுக்கக்கூடாது.

அப்போ சூட்டுக்கு என்ன பண்றது? புதுசா சூடு உண்டாக்கறதை விட, இருக்கிறதைக் காப்பாத்தறது சுலபம். வீட்ல சின்ன ரூம் ஒண்ணைத் தேர்ந்தெடுங்க, தெற்குப் பார்த்த ஜன்னல் இருந்தா நல்லது. எல்லாரும் அதுக்குள்ள. கதவு இடுக்குல டவல். வெயில் இருக்கிறப்போ திரை திறந்து, சாயந்திரம் மூடணும். முடிஞ்சா ரூமுக்குள்ளயே ஒரு டென்ட் போட்டு, நாலு பேர் உள்ள படுங்க. சிரிக்காதீங்க, எங்க பேஸ்மென்ட் மூணாம் நாள் 7 டிகிரிக்கு வந்தப்போ மெத்தையைச் சுத்திப் போர்வை கட்டின அந்தக் கூடாரத்துலதான் ஒழுங்கா தூங்கினோம். மெழுகுவர்த்தியை மட்டும் கூடாரத்துப் பக்கமே கொண்டு போகாதீங்க. டார்ச் போதும். வீட்ல கைக்குழந்தையோ வயசானவங்களோ இருந்தா, இந்த வீரமெல்லாம் வேண்டாம். 211-க்கு போன் பண்ணினா பக்கத்துல எங்க வார்மிங் சென்டர் திறந்திருக்குன்னு சொல்வாங்க. முதல் நாளே போயிடுங்க.

வீட்டை விட்டுப் போறீங்க, இல்ல உள்ளயே பூஜ்ஜியத்தை நெருங்குதுன்னா, குழாய்களைக் கவனிக்கணும். குழாய்ல ஒரு இடத்துல தண்ணி உறைஞ்சு அடைச்சுக்கும்போது, அந்த அடைப்புக்கும் மூடின டேப்புக்கும் நடுவுல மாட்டின தண்ணியோட அழுத்தம் ஏறி வெடிக்குது. வெடிச்சது அப்போ தெரியாது. கரண்ட் வந்து, வீடு சூடாகி, ஐஸ் உருகினப்புறம் சீலிங்ல இருந்து ஊத்தும். அதனால மெயின் வால்வை மூடிட்டு, மேல இருக்கிற டேப்புகளைத் திறந்து, கடைசியா வீட்லயே தாழ்வான டேப்பைத் திறந்து விட்டுடுங்க. வாட்டர் ஹீட்டரை அதுக்கு முன்னாடியே அணைச்சுடணும். மெயின் வால்வு எங்க இருக்குன்னு வெளிச்சம் இருக்கும்போதே தேடி வைங்க.

சாப்பாடு சுருக்கமா. திறக்காத ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும், நிறைஞ்ச ஃப்ரீசர் 48 மணி நேரம். "வெளியதான் மைனஸ் பத்து, மீனைப் பால்கனியில வைக்கலாமே"ன்னு தோணும். பகல் வெயில்ல மேல் பக்கம் இளகிடும், தரைத்தளம்னா டொரோன்டோ ரக்கூன் விருந்துக்கு வந்துடும். அதுக்குப் பதிலா டப்பாவுல தண்ணி ஊத்தி வெளிய உறைய வச்சு, அந்த ஐஸ் கட்டியை ஃப்ரிட்ஜுக்குள்ள வைங்க.

சொந்த வீடு வாங்கினவங்களுக்கு இனிமே சொல்றது. தெருக் கம்பத்துல இருந்து வர்ற வயர், உங்க வீட்டுச் சுவர்ல மேல எழும்பி நிக்கிற ஒரு இரும்புக் குழாய்ல வந்து சேரும். எலக்ட்ரீஷியன்கள் அதை மாஸ்ட்னு சொல்வாங்க. வயர் மின்சாரக் கம்பெனியோடது. அந்தக் குழாய் உங்களோடது. ஆன்ட்டி வீட்ல ஒரு மேப்பிள் கிளை வயர் மேல விழுந்து, குழாயையே சுவர்ல இருந்து பிடுங்கிடுச்சு. நாலாம் நாள் தெருவே பளிச்சுனு எரியுது, எங்க வீடு மட்டும் இருட்டு. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வந்து குழாயை மாத்தி, மின்சாரப் பாதுகாப்பு ஆணையத்தோட அனுமதி கிடைச்சப்புறம்தான் இணைப்பு கொடுப்பாங்க. பண்டிகை நேரத்துல எலக்ட்ரீஷியன் கிடைக்கவே இன்னும் மூணு நாள் ஆச்சு. அதனால தெருவுக்குக் கரண்ட் வரட்டும்னு காத்திருக்காம, முதல் நாள் காலையிலயே தூரத்துல நின்னு அந்தக் குழாயை ஒரு பார்வை பாருங்க. வளைஞ்சிருந்தா அப்பவே போன் போட்டு வரிசையில பேர் கொடுங்க. வயர் கீழ கிடந்தா 10 மீட்டர் தள்ளியே நிக்கணும், 911 கூப்பிடணும். செத்துப்போன வயர் மாதிரிதான் தெரியும், ஆனா நம்பக்கூடாது.

கடைசியா, கரண்ட் திரும்ப வர்ற நேரம். ஒரு தெருவுல எல்லா ஃபர்னஸும் ஃப்ரிட்ஜும் ஹீட்டரும் ஆறிப்போய்க் கிடக்கும். கரண்ட் வந்ததும் அத்தனையும் ஒரே நொடியில இழுக்கும். வழக்கமான நாளை விட பல மடங்கு லோடு, அதனாலதான் சில சமயம் வந்த கரண்ட் அஞ்சு நிமிஷத்துல மறுபடி போகுது. வெளிய போறதுக்கு முன்னாடி அடுப்பு, ஹீட்டர், டிவி எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஒரே ஒரு லைட்டை மட்டும் ஆன்ல விடுங்க, கரண்ட் வந்தது தெரிய. வந்ததும் முதல்ல ஃபர்னஸ், ஃப்ரிட்ஜ். பத்து நிமிஷம் நிலையா இருந்தா மத்ததெல்லாம். பேஸ்மென்ட்ல சம்ப் பம்ப் இருக்குன்னா இறங்கிப் போய் ஓடுதான்னு பாருங்க. அது நின்னிருந்த நேரத்துல ஊறின தண்ணி, நீங்க மேல டீ குடிச்சுக்கிட்டு இருக்கும்போது கார்ப்பெட்டுக்கு வந்திருக்கும்.