உங்களுக்குத் தெரியுமா? மூங்கில் இலையின் வாசனை

மூங்கில் புல் குடும்பத்துச் செடி. எலுமிச்சைப் புல், சிட்ரோனெல்லா, பாமரோசா, நம் வெட்டிவேர் எல்லாம் அதற்குப் பங்காளிகள். அத்தனை பேரும் வாசனை எண்ணெய்க்குப் பேர் போனவர்கள். எலுமிச்சைப் புல்லின் இலையில் எண்ணெயைச் சேர்த்து வைப்பதற்கென்றே தனி செல்கள் இருக்கின்றன. அந்த எண்ணெயில் பெரும்பகுதி சிட்ரால்தான். மூங்கில் இலையைக் காய்ச்சி வடித்தால் கிடைக்கும் எண்ணெயோ மிகச் சொற்பம். ஆனால் அந்தச் சொற்பத்துக்குள் பத்துக்கணக்கான பொருள்கள் கலந்து கிடக்கின்றன.

*

சும்மா இருக்கும் மூங்கில் இலையை மூக்கருகே கொண்டுபோனால் பெரிதாக மணக்காது. கசக்கிப் பாருங்கள், பச்சை வாசனை குப்பென்று எழும். அந்த வாசனையின் பெரும்பகுதி சில நொடிகளுக்கு முன் இலையில் இல்லவே இல்லை. இலை கிழிந்ததும் செல் சவ்வுகளிலிருந்து லினோலெனிக் அமிலம் விடுபடுகிறது. அது 18 கார்பன் கொண்ட கொழுப்பு அமிலம். லைப்பாக்சிஜனேஸ் என்ற நொதி அதில் ஆக்சிஜனை ஏற்றுகிறது. அடுத்த நொதி அதை வெட்டி, 6 கார்பன் கொண்ட சின்னத் துண்டு ஒன்றைப் பிரிக்கிறது. கொழுப்பு அமிலம் காற்றில் பறக்காது. இந்தத் துண்டு பறக்கும். அதில் ஒரு பங்கு, 'இலை ஆல்கஹால்' என்று வேதியியலார் அழைக்கும் சிஸ்-3-ஹெக்செனாலாக மாறுகிறது. இன்னொரு பங்கு உருமாறி 'இலை ஆல்டிஹைடு' ஆகிறது. அருகம்புல்லை வெட்டும்போதும், தேயிலை கிள்ளும்போதும், மூங்கில் இலையைக் கசக்கும்போதும் எழுவது இந்தக் கூட்டணியின் வாசனைதான். மோசோ மூங்கில் இலை எண்ணெயைப் பகுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் இலை ஆல்கஹால் முக்கிய இடம் பிடிக்கிறது.

*

இலை ஆல்டிஹைடைப் பச்சை இலைகளிலிருந்து முதலில் பிரித்துக் காட்டியவர்கள் ஜெர்மானியர்களான குர்ட்டியஸும் ஃபிரான்சனும். ஆண்டு 1912. பச்சை வாசனை இலைக்குள் எப்படி உண்டாகிறது என்பதைப் படிப்படியாக விளக்கப் பல பத்தாண்டுகள் உழைத்தவர் ஜப்பானின் யமகுச்சி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அகிகாஸு ஹதானகா.

*

இலை எதற்காக இந்த வாசனையை உண்டாக்க வேண்டும்? மூங்கிலின் இன்னொரு உறவான மக்காச்சோளத்தில் ஒரு தடயம் கிடைத்தது. புழு கடித்த சோள நாற்றின் வாசனையைத் தேடி, அந்தப் புழுவின் உடலில் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகள் பறந்து வருகின்றன என்று 1990-ல் டர்லிங்ஸ் என்ற ஆய்வாளரின் குழு காட்டியது. செடி தன் எதிரியின் எதிரியைக் கூப்பிடுகிறது! 2023-ல் ஜப்பானின் சைதாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைவிட வியப்பான ஒன்றைப் படம் பிடித்தார்கள். புழு தின்னும் செடியின் வாசனை பட்டதும், பக்கத்தில் காயமே படாமல் நிற்கும் செடியின் இலையில் கால்சியம் சமிக்ஞை அலையாகப் பரவியது. அந்தச் சமிக்ஞையைத் தூண்டியவை 6 கார்பன் ஆல்டிஹைடுகள். அரபிடாப்சிஸ் என்ற சின்னஞ்சிறு சோதனைச் செடியில் கண்டது இது. மூங்கில் இலை உண்டாக்குவதும் அதே வகைப் பொருள்களைத்தான். ஒரு செடியின் எண்ணெய்க்கு 'உயிரியல் செயல்பாடு' உண்டு என்றதும் மனித உடம்புக்கு என்ன நன்மை என்றே நாம் கேட்கிறோம். இந்த எண்ணெயின் முதல் பயனாளி மூங்கில்தான்.

*

மடகாஸ்கரின் தங்க மூங்கில் லெமூரை 1987-ல்தான் அறிவியல் உலகம் தனி இனமாகப் பதிவு செய்தது. அது ஒரு நாளைக்குச் சுமார் அரைக் கிலோ மூங்கில் தின்கிறது. குருத்தும் இளம் இலைக் காம்பும் அதற்குப் பிடித்தவை. அவற்றின் வழியாக அது ஒரு நாளில் உட்கொள்ளும் சயனைடு, அந்த எடையுள்ள விலங்கைக் கொல்லும் அளவைப்போல் ஏறத்தாழ 12 மடங்கு. அது எப்படித் தாங்குகிறது என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை. இங்கேயும் விஷம் தயார் நிலையில் காத்திருப்பதில்லை. சர்க்கரையோடு பிணைந்த மூலப்பொருள் ஓரிடத்திலும், அதைப் பிரிக்கும் நொதி வேறிடத்திலுமாக இருக்கின்றன. பல் பட்ட பிறகே இரண்டும் சந்திக்கின்றன. மூங்கில் குருத்தை நன்றாக வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கும் வழக்கத்துக்குக் காரணம் இதுதான்.

*

எண்ணெய் எடுக்கும் கருவி மாறினால் எண்ணெயும் மாறும்.

இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. 1928-ல் கிளெவெஞ்சர் என்ற அமெரிக்கர் வடிவமைத்த கண்ணாடிக் கருவி இன்றும் நம் கல்லூரி ஆய்வகங்களில் இருக்கிறது. இலையைத் தண்ணீரில் போட்டு மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டால், நீராவியோடு எண்ணெய் ஏறி, குளிர்ந்து, மேலே மிதக்கும். 1964-ல் லைக்கன்ஸும் நிக்கர்சனும் கொண்டுவந்த முறையில், நீராவியும் கரைப்பானின் ஆவியும் ஒரே நேரத்தில் சந்தித்துக் கலக்கும். மூங்கில் இலைபோல் எண்ணெய் குறைந்த பொருளுக்கு அது வசதி. 1990-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பாவ்லிஷின் என்ற ஆய்வாளர் ஒரு மெல்லிய இழையை அறிமுகப்படுத்தினார். இலையைக் கொதிக்கவே வைக்காமல், அதன் மேலுள்ள காற்றில் இழையை நீட்டினால் போதும், வாசனை அதில் ஒட்டிக்கொள்ளும்.

இழையில் ஒட்டுவது இலை வெளியே விடும் வாசனை. கொதிகலனில் கிடைப்பது வெந்த இலையின் வாசனை. புல் குடும்பத்தின் செல் சுவர்களில் ஃபெருலிக் அமிலம் நிறைய உண்டு. சூடு பட்டால் அதிலிருந்து 4-வினைல்குவாயகால் பிறக்கும். கிராம்பை நினைவூட்டும் வாசனை அதற்கு. கரோட்டின் வகை நிறமிகள் உடைந்தால் அயனோன்கள். பச்சையத்தின் நீண்ட வால் கழன்றால் ஃபைட்டால். இவை அனைத்தும் மூங்கில் இலை எண்ணெய்ப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள். ஒரே மூங்கிலைப் பற்றி இரண்டு ஆய்வுகள் இரண்டு விதமாகச் சொன்னால், ஒன்று பொய் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முதலில் எந்தக் கருவி, எத்தனை மணி நேரம், பச்சை இலையா காய்ந்த இலையா என்று பாருங்கள். இலை பறித்த மாதமும் கணக்கில் வரும். மோசோ மூங்கிலில் முதிர்ந்த இலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் உதிர்ந்து புதிதாகத் துளிர்க்கிறது. அதனால் ஒரே தோப்பில் ஓராண்டு இளம் இலையும் மறு ஆண்டு முற்றிய இலையுமாகக் கைக்கு வரும்.

*

பட்டியலில் சதவீதம் அதிகமுள்ள பொருள்தான் வாசனையைத் தீர்மானிக்கும் என்று நினைப்பது இயல்பு. மூக்கு அப்படிக் கணக்குப் போடுவதில்லை. தண்ணீரில் இலை ஆல்கஹாலை நாம் உணர, நூறு கோடியில் ஏறத்தாழ 70 பங்கு வேண்டும். பீட்டா-அயனோனுக்கு 0.007 பங்கு போதும். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்! 25 லட்சம் லிட்டர் கொள்ளும் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் பீட்டா-அயனோனைச் சுமார் 18 மில்லிகிராம், அதாவது ஒரு சிட்டிகைக்கும் குறைவாகக் கலந்தால் மூக்கு கண்டுபிடித்துவிடும். எல்லோர் மூக்கும் அல்ல. ஓஆர்5ஏ1 என்ற ஒரு மரபணுவில் உள்ள வேறுபாட்டால் பலருக்குப் பீட்டா-அயனோனின் பூ வாசனை சரியாக எட்டுவதே இல்லை. இதை 2013-ல் கண்டறிந்தார்கள். ஒரே கோப்பை மூங்கில் இலைத் தேநீரைக் குடித்துவிட்டு இருவர் இருவிதமாகச் சொன்னால் இருவருமே உண்மை சொல்லியிருக்கலாம்.

*

ஃபைட்டாலைக் கண்டறிந்தவர் பச்சையத்தின் அமைப்பை ஆராய்ந்து 1915-ல் வேதியியல் நோபல் பெற்ற ரிச்சர்டு வில்ஸ்டாட்டர். செயற்கை வைட்டமின் ஈ, கே1 இரண்டையும் தயாரிக்க அது மூலப்பொருளாகப் பயன்பட்டது.

*

சீனாவின் டிராகன் படகுத் திருவிழாவில் சோங்சி என்ற ஒட்டரிசிப் பொட்டலம் செய்வார்கள். தென் பகுதிகளில் அதை மடிப்பது அகன்ற மூங்கில் இலையில். மணிக்கணக்கில் வேகும்போது இலையின் வாசனை அரிசிக்குள் இறங்குகிறது. ஆய்வகக் கொதிகலனில் நடக்கும் அதே வேலை அடுப்படியிலும் நடக்கிறது. ஜப்பானின் நீகாதாவில் சசா-டாங்கோ கொழுக்கட்டையையும், தொயாமாவில் மசு-சுஷி என்ற மீன் சாதத்தையும் சசா மூங்கில் இலையில்தான் பொதிகிறார்கள். வாசனைக்காக மட்டுமல்ல, சீக்கிரம் கெடாது என்ற நம்பிக்கைக்காகவும். வாழையிலையிலும் பூவரச இலையிலும் கொழுக்கட்டை அவித்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம்.

வேகும்போது பச்சையம் தன் மெக்னீசியத்தை இழந்துவிடும். இலை பழுப்பேறிய ஆலிவ் நிறமாகும். எத்தனை நேரம் வெந்தும் பளீர்ப் பச்சையாகவே இருக்கும் இலையைச் சந்தேகப்படுங்கள். பச்சை நிறம் மாறாமலிருக்கச் சில வியாபாரிகள் செம்பு உப்பில் ஊறவைத்த இலைகள் சீனச் சந்தையில் பிடிபட்டிருக்கின்றன.

*

'மூங்கில் இலை எண்ணெய்க்கு ஆக்சிஜனேற்ற எதிர்ப்புச் சக்தி உண்டு' என்ற வரியை எங்கேனும் படித்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது டிபிபிஎச் சோதனை. 1958-ல் பிளாய்ஸ் என்பவர் தந்த முறை அது. அடர் ஊதாக் கரைசலில் மாதிரியை விடுவார்கள். ஊதா வெளுத்து மஞ்சளானால் மாதிரிக்குச் சக்தி உண்டு. எளிமையான, நல்ல சோதனை. ஆனால் அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் வயிறு இல்லை, கல்லீரல் இல்லை, இரத்தம் இல்லை.

பாக்டீரியாச் சோதனைகளும் அப்படித்தான். பொதுவாக வாசனை எண்ணெய்கள் ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் வகைகளை எளிதாகத் தாக்கும், இ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் வகைகளுக்குக் கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு இருப்பதால் அவை தாக்குப்பிடிக்கும். தட்டில் பாக்டீரியா செத்தது என்பதிலிருந்து சளிக்கும் தோல் நோய்க்கும் மருந்து கிடைத்துவிட்டது என்று தாவுகிற விளம்பரங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. உடம்பு சரியில்லாதவர்கள்தான் அவற்றை நம்பிப் பணம் கொடுக்கிறார்கள்.

*

மூங்கில் இலையின் உண்மையான பலசாலிகள் எண்ணெயில் வருவதே இல்லை! ஓரியன்டின், ஐசோஓரியன்டின், வைடெக்சின், ஐசோவைடெக்சின் என்ற நான்கு ஃபிளாவனாய்டுகள் ஆவியாகாதவை. நீராவி மேலே போகும்போது இவை பாத்திரத்தின் அடியில், சக்கையோடும் கஷாயத் தண்ணீரோடும் தங்கிவிடுகின்றன. இவற்றைத் தண்ணீராலும் ஆல்கஹாலாலும் பிரித்தெடுத்த சாற்றைத்தான் சீனா 2004-ல் உணவில் சேர்க்கத்தக்க இயற்கை ஆக்சிஜனேற்றத் தடுப்பானாகத் தன் தேசியத் தரப் பட்டியலில் ஏற்றியது. இதில் முன்னோடி ஹாங்ஜோவிலுள்ள ஜெஜியாங் பல்கலைக்கழகம்.

வறுத்த உருளைக்கிழங்கில் அக்ரிலமைடு உண்டாகிறது என்று 2002-ல் சுவீடன் ஆய்வாளர்கள் அறிவித்து உலகையே கவலையில் ஆழ்த்தியது நினைவிருக்கலாம். வறுக்கும் முன் உருளைத் துண்டுகளை இந்த மூங்கில் இலைச் சாற்றில் நனைத்தால் அக்ரிலமைடு ஏறத்தாழ முக்கால் பங்கு குறைகிறது என்று 2007-ல் ஜெஜியாங் குழு வெளியிட்டது. மூங்கில் இலையைப் பற்றி எனக்குத் தெரிந்த செய்திகளில் அடுப்படிக்கு மிக நெருக்கமானது இதுவே. ஒரு துளி எண்ணெய்கூட இதில் சம்பந்தப்படவில்லை.

*

சீன மருந்துக் கடைகளில் 'டான் ஜு யே' என்று விற்கும் இலை பெரும்பாலும் மூங்கிலே கிடையாது. லோஃபாதெரம் என்ற வேறொரு புல். இலை பார்க்க மூங்கில்போல் இருக்கும். மூங்கில் இலை பற்றிய ஒரு செய்தியைப் படிக்கும்போது செடியின் தாவரவியல் பெயர் இருக்கிறதா என்று தேடுவது நல்ல பழக்கம்.

*

1790-ல் இந்தியாவிலிருந்து போன மூங்கிலுப்பைப் பேட்ரிக் ரஸ்ஸல் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியில் வைத்தார். மூங்கில் கணுக்களுக்கு இடையே உறைந்து கிடக்கும் வெள்ளைக் கட்டி அது. மறு ஆண்டே அதைச் சோதித்து, மணலில் உள்ள சிலிக்காதான் என்று சொன்னவர் ஜேம்ஸ் ஸ்மித்சன். பின்னாளில் இவர் எழுதிவைத்த சொத்தில்தான் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் எழுந்தது. இலையின் ஓரம் விரலைக் கீறுவதற்கும் அதே சிலிக்காதான் துணை.

*

நம் நாட்டு வைத்தியத்தில் மூங்கில் இலைக் கஷாயம், பிரசவத்துக்குப் பின் கருப்பை அழுக்கு வெளியேறக் கொடுக்கப்பட்டது. கருப்பையைத் தூண்டும் என்று கருதிக் கொடுத்தது என்பதால், கர்ப்பிணிகள் இதைத் தாங்களாகவே காய்ச்சிக் குடிக்கவே கூடாது. அம்மா சொன்னார், அக்கா சொன்னார் என்பதெல்லாம் இங்கே போதாது, மருத்துவரைக் கேளுங்கள்.

*

கடையில் 'மூங்கில்' என்று எழுதிய வாசனைப் புட்டியை எடுத்தால் சீட்டைப் படியுங்கள். நறுமணக் கலவை என்றிருந்தால், பச்சை இலை வாசனை தரும் பொருள்களைக் கலந்து செய்தது. இலை ஆல்கஹால் தொழிற்சாலையிலேயே தயாராகிறது. அறை மணக்க அது போதும், தவறு ஒன்றுமில்லை. வாசனை எண்ணெய் என்றிருந்தால் தாவரவியல் பெயர், எந்தப் பாகம், எந்த முறையில் வடித்தது ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இவ்வளவு சொற்பமாகக் கிடைக்கும் எண்ணெய் மலிவு விலையில், கால் லிட்டர் புட்டியில் வந்தால், விற்பவரிடம் இந்த மூன்றையும் வாய்விட்டே கேளுங்கள்.