கைக்கு எட்டும் இடத்தில் ஆயில் ஃபில்டர்

பிக்கப் டிரக்குகளில் ஆயில் ஃபில்டர் பெரும்பாலும் என்ஜினின் பக்கவாட்டிலோ அடிப்பகுதியிலோ நேரடியாக மாட்டப்பட்டிருக்கும். ஆயில் பம்புக்குப் பக்கத்திலேயே இருந்தால் ஆயில் போகும் பாதை சுருங்கும். ஒழுகக்கூடிய இணைப்புகளும் குறையும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் அந்த இடத்தைத் தேர்கிறார்கள். ஆனால் ஃபில்டரைக் கழற்றி மாட்டுபவரின் கை அங்கே எளிதில் நுழைவதில்லை. இதற்குத் தீர்வாக, ஃபில்டரை என்ஜினிலிருந்து பிரித்து, இரண்டு ஹோஸ்கள் வழியாக வசதியான வேறோர் இடத்தில் மாட்டும் முறை வழக்கத்தில் இருக்கிறது. இதற்கான உதிரிபாகங்கள் ஒரே தொகுப்பாகக் கடைகளில் கிடைக்கின்றன. சரியாகச் செய்தால் ஆயில் மாற்றுவது எளிய, சுத்தமான வேலையாகிவிடும். கவனக்குறைவாகச் செய்தால் நல்ல என்ஜின் ஒன்று சில நிமிடங்களில் பாழாகும்.

ஃபில்டர் செய்யும் வேலை

என்ஜினின் அடியிலுள்ள சம்ப்பிலிருந்து ஆயிலைப் பம்ப் உறிஞ்சுகிறது. அங்கிருந்து அழுத்தத்துடன் ஃபில்டருக்குப் போகும் ஆயில், தூசியும் இரும்புத் துகளும் நீங்கியபின் கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட் பேரிங்குகளுக்குப் பாய்ந்து, மீண்டும் சம்ப்புக்கு வடிகிறது. சூடேறிய என்ஜின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது பல என்ஜின்களில் இந்த அழுத்தம் 40 முதல் 60 பிஎஸ்ஐ வரை இருக்கும். குளிர்காலக் காலையில், ஆயில் தடித்திருக்கும்போது, இதைவிடவும் ஏறும்.

கார்களுக்கான ஆயில் ஃபில்டர் 1923-இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட், ஜார்ஜ் கிரீன்ஹால் ஆகியோரின் முயற்சியில் உருவானது. அதற்குப் பியூரோலேட்டர் என்று பெயரிட்டார்கள். தொடக்கக் கால ஃபில்டர்கள் ஓடும் ஆயிலில் ஒரு பகுதியை மட்டுமே வடிகட்டின. பேரிங்குக்குப் போகும் ஆயில் முழுவதும் ஃபில்டரைக் கடந்தே போக வேண்டும் என்ற அமைப்பு பின்னால் பரவலானது. மூடியைத் திறந்து உள்ளிருக்கும் தாளை மட்டும் மாற்றும் வழக்கத்துக்குப் பதிலாக, டப்பாவோடு திருகிக் கழற்றும் ஃபில்டர் 1950-களில் வந்தது.

இந்த டப்பாவின் அடித்தட்டில் நடுவே மரை வெட்டிய பெரிய துளை ஒன்றும், அதைச் சுற்றி வட்டமாகச் சிறு துளைகளும் இருக்கும். அழுக்கு ஆயில் சிறு துளைகள் வழியாக உள்ளே போய், மடிப்பு மடிப்பான தாளைக் கடந்து, சுத்தமாகி நடுத்துளை வழியாக வெளியேறும். சிறு துளைகளின் உட்புறத்தில் மென்மையான ரப்பர் வளையம் ஒன்று உண்டு. என்ஜின் நின்றபின் ஃபில்டரில் இருக்கும் ஆயில் பின்வாங்கிச் சம்ப்புக்கு வடிந்துவிடாமல் தடுக்கும் வால்வு அது. தாள் அடைத்துக்கொண்டால் திறந்து, வடிகட்டாத ஆயிலையாவது பேரிங்குக்கு அனுப்பும் பைபாஸ் வால்வும் பெரும்பாலான ஃபில்டர்களில் இருக்கிறது. சில என்ஜின்களில் அது பிளாக்கிலேயே அமைந்திருக்கும்.

இடம் சரியில்லாத ஃபில்டர்

1995 முதல் 2004 வரை வட அமெரிக்காவில் விற்பனையான முதல் தலைமுறை டொயோட்டா டகோமா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் 3.4 லிட்டர் வி6 என்ஜின் நீண்ட உழைப்புக்குப் பேர்போனது. அதில் ஃபில்டர் இருக்கும் இடம் என்ஜினின் முன்புற அடிப்பகுதி. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் அதன் கீழே முன் டிஃபரன்ஷியலும் அடிப்புறக் காப்புத் தகடும் இருக்கின்றன. கையை வளைத்து உள்ளே விட்டு ஃபில்டரைப் பிடிக்க வேண்டும். சற்றுத் தளர்ந்ததும் வெதுவெதுப்பான கறுப்பு ஆயில் விரல்கள் வழியாக முழங்கைவரை வழிகிறது. மிச்சம் டிஃபரன்ஷியல் மீதும் தகட்டின் மீதும் சிந்தி, அடுத்த பல நாட்கள் வண்டி நிற்கும் இடமெல்லாம் சொட்டுகிறது. என்ஜினில் உண்மையாகவே கசிவு ஏற்பட்டிருக்கிறதா, சிந்திய ஆயில்தான் வடிகிறதா என்று பிரித்தறிய முடியாமல் போவது இதைவிடப் பெரிய தொல்லை.

2005-இல் வந்த அடுத்த தலைமுறை டகோமாவின் 4.0 லிட்டர் வி6 என்ஜினில் ஃபில்டர் மேலே வந்துவிட்டது. பானெட்டைத் திறந்தவுடன் கைக்கு எட்டும். பழைய வண்டியில் அந்த வசதியைப் பெற விரும்புபவர்கள் நாடும் வழி இந்த இடமாற்றம்.

தொகுப்பில் இருப்பவை

முதல் பாகம் அடாப்டர். பழைய ஃபில்டர் இருந்த இடத்தில் என்ஜின் பிளாக்கோடு பொருந்தும் அலுமினிய வட்டு இது. பிளாக்கின் மீது படியும் முகத்தில் ஓ-ரிங்கோ கேஸ்கெட்டோ இருக்கும். ஆயில் வெளியேற ஒரு வாயும், திரும்பி வர இன்னொரு வாயும் உண்டு. இரண்டாவது பாகம், புதிய இடத்தில் பொருத்தும் தலைப்பகுதி. ஃபில்டர் இதில்தான் திருகப்படும். இவற்றை இணைக்க இரண்டு ஹோஸ்களும் அவற்றுக்கான நிப்பிள்களும் வேண்டும்.

மரை அளவு சரியாகப் பொருந்த வேண்டும். டொயோட்டாவின் பல என்ஜின்களில் ஃபில்டர் மரை முக்கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 16 சுற்றும் கொண்டது. வேறு பல என்ஜின்களில் 22 மில்லிமீட்டர் போன்ற அளவுகள் உண்டு. இரண்டு மரைகள் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால், பொருந்தாதது ஒன்றிரண்டு சுற்று ஏறிப் பிடித்துக்கொண்டதுபோலத் தோன்றும்; அழுத்தம் ஏறியதும் பிய்த்துக்கொள்ளும். கேஸ்கெட்டின் விட்டமும் வட்டின் முகத்துக்குள் முழுமையாக அடங்க வேண்டும்.

ஹோஸின் அளவு

இந்த வேலையில் அதிகம் சிந்தித்து முடிவெடுக்க வேண்டிய பொருள் ஹோஸ்தான். சாதாரணத் தண்ணீர்க் குழாயோ ரேடியேட்டர் ஹோஸோ இதற்கு உதவாது. சூடான ஆயிலில் அவை ஊறிப் பருத்துக் கிழியும். ஆயிலுக்கென்றே செய்த, என்ஜினின் உச்ச அழுத்தத்தைப் போலப் பல மடங்கு தாங்கக்கூடிய, 150 டிகிரி செல்சியஸ்வரை வெப்பம் தாங்கும் ஹோஸ் வேண்டும். முனைகளில் சாதாரண ஸ்குரூ கிளாம்ப் போடுவதைவிட, எந்திரத்தில் அழுத்திப் பொருத்திய முனைகளோ மரையுள்ள உலோக முனைகளோ நம்பகமானவை.

உள்விட்டத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்வதற்காக மெல்லிய குழாய்களில் திரவங்களைச் செலுத்தி ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் ழான் புவாசெய், 1840-களில் ஒரு விதியை வெளியிட்டார். திரவம் சீராக ஓடும்போது, குழாயின் தடை நீளத்தின் நேர்விகிதத்திலும், விட்டத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்திலும் இருக்கும் என்பதே அது. விட்டம் பாதியானால் அதே அளவு ஆயிலைத் தள்ள 16 மடங்கு அழுத்தம் வேண்டும். அரை அங்குலக் குழாய்க்குப் பதில் ⅝ அங்குலக் குழாய் போட்டால் தடை பாதிக்கும் கீழே இறங்கும். ஆயில் குளிர்ந்து தடித்திருக்கும் நேரத்தில் இந்தக் கணக்கு மிக நன்றாகப் பொருந்தும். பேரிங்குக்கு ஆயில் உடனே போய்ச் சேர வேண்டிய நேரமும் அதுதான். ஆகவே ஹோஸ் குட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். கூர்மையான வளைவுகளைக் குறைத்து, முழங்கை இணைப்புகளை இன்றியமையாத இடத்தில் மட்டும் பயன்படுத்துவது நல்லது.

புதிய இடம்

கை எளிதில் எட்டும் இடமாகவும், அடியில் பாத்திரம் வைக்க வசதியாகவும் இருக்க வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலும், சக்கரத்துக்கு மேலுள்ள உட்புறத் தகட்டிலும், சேஸிஸ் சட்டத்திலும் பலர் மாட்டுகிறார்கள். சட்டத்தில் மாட்டினால் கல்லும் மரக்கட்டையும் அடிக்காத உட்பக்கமே பாதுகாப்பானது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து விலகியிருப்பதும், முன்சக்கரம் முழுதாகத் திரும்பி மேலெழும்போதும் உரசாமல் இருப்பதும் கட்டாயம்.

ஃபில்டரின் வாய் மேல்நோக்கி இருக்குமாறு, அதாவது தலைப்பகுதியின் கீழே ஃபில்டர் தொங்குமாறு வைப்பது மிகச் சிறந்தது. கழற்றும்போது ஆயில் டப்பாவுக்குள்ளேயே நிற்கும். புதிய ஃபில்டரில் ஆயிலை நிரப்பி மாட்டவும் முடியும். என்ஜின் கிளம்பியதும் காலி டப்பா நிரம்பும்வரை பேரிங்குகள் காத்திருக்க வேண்டியதில்லை.

என்ஜின் ரப்பர் தாங்கிகளின் மீது அமர்ந்து ஆடிக்கொண்டே இருக்கும். ஃபில்டரின் தலைப்பகுதியோ உடற்சட்டத்தோடு அசையாமல் நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவே ஹோஸ் இறுகிக் கிடந்தால் நாளடைவில் முனைகள் தளரும். எனவே சற்றுத் தளர்வு விட்டு, ரப்பர் உறை போட்ட கிளாம்ப்களால் ஆங்காங்கே பிடிக்க வேண்டும். தகட்டின் ஓரத்தில் உரசும் இடங்களில் கூடுதல் உறை போடுவது அவசியம்.

பொருத்தும் முறை

பழைய ஆயிலை வடித்து, பழைய ஃபில்டரைக் கழற்றியதும் பிளாக்கின் முகத்தைத் துடைத்து, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பழைய கேஸ்கெட் சில வேளை அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் இன்னொரு கேஸ்கெட் உட்கார்ந்தால் அழுத்தம் ஏறியவுடன் பிதுங்கி, ஆயில் பீறிட்டு அடிக்கும்.

ஹோஸை வெட்டும்போது உள்ளே ரப்பர்த் தூளும் கம்பித் துணுக்கும் சேரும். ஃபில்டரிலிருந்து என்ஜினுக்குத் திரும்பும் ஹோஸில் இருக்கும் எந்தத் துணுக்கும் நேரே பேரிங்குக்குப் போய்விடும். வழியில் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. ஆகவே இரண்டு ஹோஸ்களையும் கழுவி, காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். சாய்வான மரையுள்ள இணைப்புகளுக்கு வெள்ளை டேப் சுற்றும் பழக்கத்தையும் இங்கே தவிர்ப்பது நல்லது. அதன் இழை பிய்ந்து ஆயில் வழிகளை அடைக்கலாம். ஆயிலைத் தாங்கும் பசை போதும். அலுமினியத் தலைப்பகுதியில் சாய்வு மரையை அளவுக்கு மீறி இறுக்கினால் விரிசல் விழும்.

அடுத்தது திசை. அடாப்டரின் வெளியேறும் வாய், தலைப்பகுதியின் உள்நுழையும் வாயோடு சேர வேண்டும். மாற்றி இணைத்தால் ஆயில் நடுத்துளை வழியாக ஃபில்டருக்குள் புகுந்து, ரப்பர் வால்வை உட்பக்கத்திலிருந்து அழுத்தி மூடிவிடும். பிறகு ஆயில் என்ஜினுக்குப் போகாது. இணைப்புகளை இறுக்குவதற்கு முன் ஒவ்வொரு ஹோஸையும் விரலால் தொடர்ந்து சென்று சரிபார்ப்பது இந்த வேலையில் செலவிட வேண்டிய மிக முக்கியமான நிமிடம்.

புதிய ஃபில்டரின் கேஸ்கெட்டில் புதிய ஆயிலைத் தடவி, கேஸ்கெட் தொட்டபின் கையாலேயே இன்னும் முக்கால் சுற்று திருகினால் பொதுவாகப் போதும். ஸ்பேனரால் இறுக்கினால் அடுத்த முறை கழற்றுவது போராட்டமாகும்.

முதல் ஓட்டம்

புதிய ஹோஸ்களும் ஆயிலைப் பிடித்துக்கொள்ளும். அரை அங்குல உள்விட்டமுள்ள 1 மீட்டர் ஹோஸ்கள் இரண்டில் ஏறக்குறைய கால் லிட்டர் ஆயில் தங்கும். சம்ப்பில் வழக்கமான அளவை ஊற்றியபின் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எரிபொருளும் தீப்பொறியும் செல்லாமல் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டு விட்டுச் சுழற்றினால் ஹோஸ்களும் ஃபில்டரும் நிரம்பும். ஆயில் அழுத்த விளக்கு அணைந்தபின் இணைப்புகளைத் திரும்பப் போட்டு என்ஜினைக் கிளப்பலாம். கிளம்பிய சில நொடிகளில் விளக்கு அணையாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

என்ஜின் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பார்த்து, பின்னர் நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்து நிரப்ப வேண்டும். நன்கு சூடேற ஓட்டியபின் ஒருமுறையும், சில நாட்கள் ஓடியபின் மறுமுறையும் எல்லா இணைப்புகளையும் சோதிப்பது அவசியம்.

கிடைப்பதும் கொடுப்பதும்

ஆயில் மாற்றுவது எளிதாகிறது என்பதே முதல் பயன். தொல்லையான வேலை தள்ளிப்போடப்படும். எளிய வேலை உரிய நேரத்தில் நடக்கும். பெரிய ஃபில்டரைப் போடவும், இரண்டு ஃபில்டர்களை இணையாக மாட்டி அழுக்குப் பிடிக்கும் கொள்ளளவைக் கூட்டவும் வழி உண்டு. ஹோஸும் தலைப்பகுதியும் ஆயிலைக் கொஞ்சம் குளிர்விக்கும். ஆனால் அதைக் கூலருக்கு ஈடாகக் கருத முடியாது.

இதற்கு ஈடாக வண்டிக்காரர் கொடுக்க வேண்டிய விலை, புதிதாகச் சேரும் பல இணைப்புகள். அவற்றில் ஒன்று பிரிந்தாலோ ஹோஸ் வெடித்தாலோ பம்ப் சம்ப்பிலுள்ள ஆயிலை ஒரு நிமிடத்துக்குள் வெளியே தள்ளிவிடும். அது சூடான எக்ஸாஸ்ட்டில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே ஹோஸ்களைக் காலவரையின்றி விட்டுவைக்கக் கூடாது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் தடவிப் பார்த்து, வெடிப்போ உப்பலோ மென்மையோ தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். ஆயில் அழுத்த மீட்டர் ஒன்றைச் சேர்ப்பது இங்கே ஆடம்பரம் அல்ல.

வாரண்டியில் இருக்கும் வண்டிக்கு இன்னொரு கேள்வி எழும். அமெரிக்காவில் 1975-இன் மாக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டப்படி, வெளிப்பொருள் பொருத்தியது என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பொருளால்தான் பழுது நேர்ந்தது என்றால் அந்தப் பழுதுக்குப் பொறுப்பேற்க மறுக்கலாம்.

இந்த அளவுக்குப் போக விரும்பாதவர்களுக்கு எளிய வழிகளும் உள்ளன. கழற்றுவதற்கு முன் ஃபில்டருக்கு அடியில் தடித்த அலுமினியத் தாளை வாய்க்கால்போல் மடித்து வைத்து ஆயிலைப் பாத்திரத்துக்குத் திருப்பலாம். பாலித்தீன் பையால் ஃபில்டரை மூடி, பையோடு சேர்த்துத் திருகி எடுக்கலாம். சம்ப்பின் டிரெயின் போல்ட்டுக்குப் பதில் திறந்து மூடும் வால்வு மாட்டலாம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் ஆயில் மாற்றும் வண்டிக்கு இவையே போதும்.

எந்த வழியில் மாற்றினாலும் பழைய ஆயில் மண்ணிலோ சாக்கடையிலோ போகக் கூடாது. ஒருமுறை மாற்றிய ஆயிலே பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. கழற்றிய ஃபில்டரைச் சூடாக இருக்கும்போதே துளையிட்டு, 12 மணி நேரமாவது கவிழ்த்து வடியவிட்டால் உள்ளே தங்கிய ஆயிலில் பெரும்பகுதி வெளியேறும். வடிந்த ஆயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுக்க வேண்டும்; வெற்று டப்பாவை, ஃபில்டர்களைச் சேகரிக்கும் இடத்திலோ பழைய இரும்பாகவோ கொடுக்கலாம்.