இரும்புத் துகளும் இறைநாட்டமும்
(தொகுப்புக் கலை – ஒரு விளக்கம்)

'மதிமுகம்' என்பது உவமைத்தொகை. மதி போன்ற முகம் என்று அதனை விரிக்கிறோம். 'போன்ற' என்னும் உருபு வெளியே தெரிவதில்லை. மறைந்து நின்று இரு சொற்களையும் பிணைக்கிறது. மறைந்திருப்பதைக் கண்டுகொள்ளும் பொறுப்பு கேட்பவருடையது. தமிழ் பயில்வோர் நன்கறிந்த இவ்விலக்கணம், இக்காலக் கலைவகை ஒன்றை விளங்கிக்கொள்ளவும் நமக்குத் துணைசெய்கிறது. அக்கலையைத் தொகுப்புக் கலை எனலாம். மேலைநாட்டார் அதனை 'அசம்பிளாஜ்' என்பர்.

தொகுப்புக் கலை யாது?

கல்லைச் செதுக்குவதும் வண்ணம் தீட்டுவதும் பழைய முறை. தொகுப்புக் கலைஞரோ வேறு பயனுக்காகச் செய்யப்பட்ட பொருள்களை எடுத்து, அவற்றைப் புதிய முறையில் சேர்த்து வைக்கிறார். 1942-இல் பிக்காசோ மிதிவண்டியின் இருக்கையையும் கைப்பிடியையும் இணைத்தார். அது காளையின் தலையாயிற்று. இருக்கை இருக்கையாகவே உள்ளது, கைப்பிடியும் அவ்வாறே. ஆயினும் இரண்டும் சேர்ந்தவிடத்தில் மூன்றாவது ஒன்று தோன்றிவிட்டது. 1961-இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடம் இவ்வகைப் படைப்புகளுக்கென்றே பெருங்கண்காட்சி ஒன்றை நடத்தியது.

அக்காலந்தொட்டு இயந்திரங்களும் மின்கருவிகளும் இக்கலைக்குள் புகலாயின. கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக் 1974-இல் புத்தர் சிலை ஒன்றைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்த்தினார். ஒளிப்படக்கருவி ஒன்று அச்சிலையைப் படம்பிடிக்க, புத்தர் தம்மையே திரையில் நோக்கியிருக்கிறார். தொழில்நுட்பத்தையும் ஆன்மிகத்தையும் ஒருங்கே வைத்த படைப்புகளில் இது புகழ்பெற்றது.

உருவ வழிபாட்டை ஏற்காத, வணக்கத்தில் உருவத்திற்கு இடந்தராத இஸ்லாமியப் பண்பாட்டிலிருந்து இத்தகைய கலை பிறக்கக்கூடுமோ எனும் வினா இங்கு எழுகிறது. பிறந்துள்ளது என்பதே விடை.

மருத்துவர் ஒருவரின் கலை

அஹ்மத் மாத்திர் சவூதி அரேபியாவின் தபூக் நகரில் 1979-இல் பிறந்தவர். தென்மேற்கு மலைநாடான அசீரின் அப்ஹா நகரில் வளர்ந்தவர். மருத்துவம் பயின்று மருத்துவராகப் பணியாற்றியவர். மருத்துவமனையில் நாள்தோறும் கண்ட எக்ஸ்-கதிர்ப் படங்களே அவருடைய முதற்பொருள்களாயின.

பழைய அரபு ஏட்டுச்சுவடிகளின் தொடக்கப் பக்கங்கள் பொற்கோலங்களால் அணிசெய்யப்பட்டிருக்கும். மாத்திர் அம்முறையைப் பின்பற்றித் தாளைத் தேநீராலும் மாதுளையாலும் பக்குவப்படுத்தி, பொன்தகடு பதித்து, நடுவே மனித உடலின் எக்ஸ்-கதிர்ப் படத்தை அமைத்தார். எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் எலும்புகள் நிற்கின்றன. எக்ஸ்-கதிர் தோலைக் கடந்து உள்ளே நோக்குகிறது. ஆயின் அங்கும் அது காண்பது எலும்பையே. உயிரை அது காண்பதில்லை. செல்வர், வறியர், அரசர், அடியார் என்னும் வேறுபாடும் அப்படத்தில் தென்படுவதில்லை. கருவியின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒரே தாளில் காட்டுவது இத்தொகுப்பின் சிறப்பு.

காந்தம்

அவருடைய படைப்புகளுள் பெரிதும் அறியப்பட்டது 'காந்தம்' என்பதாகும். 2012-இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நடைபெற்ற ஹஜ் பற்றிய கண்காட்சியில் அது இடம்பெற்றது. வெண்மையான பரப்பு, நடுவில் கருமையான கனசதுரக் காந்தம், அதனைச் சூழ்ந்து வட்டமாகப் பல்லாயிரம் இரும்புத் துகள்கள். இவ்வளவே. மனித உருவம் ஒன்றேனும் அங்கில்லை. எனினும் காண்போர் உள்ளத்தில் கஅபாவும் அதனைத் தவாஃப் செய்யும் மக்கள் வெள்ளமும் உடனே தோன்றுகின்றன.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் இரும்புத் துகளைத் தாளில் தூவி அடியில் காந்தம் வைத்துப் பார்க்காத மாணவர் அரியர். காந்தப் புலத்தில் ஒவ்வொரு துகளும் ஒரு சிறு காந்தமாகிப் புலத்தின் திசைக்கு இயைய நிமிர்கிறது. இரும்பின் இயல்பு மாறுவதில்லை, எடை கூடுவதில்லை. மாறுவது திசை ஒன்றே. சிதறிக் கிடந்தவை ஒழுங்கு பெறுகின்றன. ஒழுங்குபடுத்தும் ஆற்றலோ கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தொகையில் மறைந்து நிற்கும் உருபு போன்றது அது.

காந்தத்திற்கும் நம் வணக்கத்திற்கும் உள்ள தொடர்பு இக்கலைஞரிடம் தொடங்கியதன்று. யமனை ஆண்ட ரசூலி மரபினரான அல்-அஷ்ரஃப் உமர், ஏறத்தாழ 1291-ஆம் ஆண்டில், காந்த ஊசியைக் கொண்டு கிப்லாவை அறியும் முறையை எழுதிவைத்தார். ஊசி காட்டுவது மக்காவை அன்று, வடக்கை. அவ்வடக்கிலிருந்து எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்பதை ஊருக்கு ஊர் கணித்தறிதல் வேண்டும். சென்னையில் தொழுகிறவர் மேற்கிலிருந்து சற்றே வடக்கு நோக்கிச் சாய்ந்து நிற்பதும் அக்கணக்கினாலேதான். கருவி ஒரு குறிப்பைத் தருகிறது, அறிவு கணக்கிடுகிறது, திரும்பி நிற்பவர் மனிதர்.

ஐயமும் விடையும்

கஅபாவை ஒரு காந்தத் துண்டாகச் சிறுமைப்படுத்தலாமா என்று மூத்தோர் கேட்கக்கூடும். மார்க்கம் கூறும் ஈர்ப்பை அறிவியலே மெய்ப்பித்துவிட்டது என்று இளைஞர் மகிழக்கூடும். இருவேறாகத் தோன்றும் இவ்விரு கூற்றுகளும் ஒரே பிழையிலிருந்து பிறப்பவை. இரண்டும் மறைந்து நிற்கும் 'போன்ற' என்பதை மறந்துவிடுகின்றன.

மதிமுகம் என்றவுடன் முகத்தில் களங்கமுண்டு என்று எவரும் பொருள் கொள்வதில்லை. உவமை பொதுத்தன்மையை மட்டுமே சுட்டும். காந்தம் கஅபாவாவதில்லை, கஅபாவுக்குச் சான்றாவதுமில்லை. அது உவமை. உவமையைச் சான்றாக்க முனைவோர் இறைநம்பிக்கைக்கு வலிமை சேர்ப்பதில்லை. அறிவியலையும் சரிவரக் கற்பதில்லை. நாளை அறிவியல் தன் கொள்கை ஒன்றை மாற்றிக்கொண்டால், அதன்மேல் நிறுத்திய நம்பிக்கையையும் அசைத்துவிடும் இடர் இதில் உண்டு. ஆகவே இவ்வேறுபாட்டை நம் மாணவர் தெளிவாக உணர்தல் இன்றியமையாதது.

உவமை பொருந்தாத இடமும் நமக்குப் பாடமாகிறது. இரும்புத் துகளுக்கு விருப்பம் இல்லை. காந்தம் இழுத்தால் அது மறுக்க இயலாது. ஹஜ் பயணியோ நிய்யத் செய்கிறார். கடனைத் தீர்த்து, மனத்தாங்கல் கொண்டோரிடம் பொறுத்தருளக் கேட்டு, இஹ்ராம் உடுத்திப் புறப்படுகிறார். செல்லாதிருக்கவும் கூடியவர் தாமே விரும்பிச் செல்வதால்தான் அது வணக்கமாகிறது.

மறுபக்கம்

மாத்திர் தொழில்நுட்பத்தைப் புகழ்வதோடு நின்றுவிடவில்லை. மக்கா நகரில் எழுந்த பாரந்தூக்கிகளையும், இடிக்கப்பட்ட பழைய குடியிருப்புகளையும், உயர்ந்த மாளிகைகளையும் ஆண்டுக்கணக்கில் படமெடுத்து, 2016-இல் 'பாரான் பாலைவனம்' என்னும் நூலாக்கினார். உஸ்மானியர் காலத்து அஜ்யாத் கோட்டை 2002-இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் 601 மீட்டர் உயரமுள்ள மணிக்கூண்டுக் கோபுரத்தை உள்ளடக்கிய கட்டடத் தொகுதி எழுந்தது. பெருகிவரும் பயணியர்க்கு இடம் வேண்டும் என்பது மெய்யே. அவ்விரிவாக்கத்தில் எவை மறைந்தன என்று கேட்பதும் முறையே. கருவி வழிகாட்டும் ஊசியாகவும் அமையலாம். நோக்க வேண்டியதை மறைக்கும் சுவராகவும் ஆகலாம்.

நிறைவாக

தொகுப்புக் கலை நமக்கு உணர்த்துவது எளிய உண்மையே. பொருள்கள் மாறாமலே பொருள் மாறக்கூடும். எதை எதனருகே, எந்நோக்குடன் வைக்கிறோம் என்பதே அதனை முடிவு செய்கிறது. நம் கல்லூரியில் ஆய்வுக்கூடமும் தமிழ் வகுப்பும் தொழுகையிடமும் அருகருகே உள்ளன. அவற்றை இணைக்கும் உருபை எழுதிக் காட்ட எவராலும் இயலாது. அதனை விரித்துணர்தல் கற்பார் கடமை.