குழந்தை உயிருக்குக் குலுக்கல் சீட்டு!

பண்டத்துக்குச் சீட்டுக் குலுக்குவார்கள், பணத்துக்குக் குலுக்குவார்கள், பார்த்திருக்கிறோம். பச்சைக் குழந்தையின் உயிருக்கே சீட்டுக் குலுக்கியதை 2020-ஆம் ஆண்டில் உலகம் பார்த்தது. குலுக்கியது சுவிட்சர்லாந்து நாட்டு நோவார்ட்டிஸ் கம்பெனி.

மருந்தின் பெயர் ஸோல்ஜென்ஸ்மா. நோயின் பெயர் முதுகுத்தண்டுத் தசை நலிவு. பழுதுபட்ட ஒரு மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வந்து சேர்ந்தால், தசைகளை ஆட்டிவைக்கும் நரம்பணுக்கள் வேண்டிய புரதம் கிடைக்காமல் மடிகின்றன. கடுமையான வகையில் பிள்ளைக்குத் தலை நிற்காது. பால் உறிஞ்ச வலுவிராது. கடைசியில் மூச்சுவிடவும் வலுவிராது. அறிவு மட்டும் மங்காது. தாயைப் பார்த்துச் சிரிக்கும்! முன்பெல்லாம் இப்பிள்ளைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதைக் காணவில்லை.

விஞ்ஞானம் கண்ட வழி வியப்பானது. நோய் தராத ஒரு வைரசின் உள்ளீட்டை அகற்றி, நல்ல மரபணுவை அதில் ஏற்றி, இரத்தக் குழாய் வழியே ஒரே ஒரு முறை செலுத்துகிறார்கள். அது நரம்பணுவுக்குள் புகுந்து சரக்கை இறக்குகிறது. 2017-ல் வெளியான முதல் சோதனை முடிவில், மருந்து பெற்ற 15 குழந்தைகளும் 20 மாத வயதில் உயிரோடிருந்தன. செத்த நரம்பணு மீளாது. கல்லீரலுக்கு ஆபத்தும் உண்டு. ஆயினும் சாதனைதான், மறுப்பாரில்லை.

இதற்கு விதை போட்டவர் யார், தோழர்களே? முதலாளியா? மரபணுவை 1995-ல் கண்டறிந்தது பிரான்சு நாட்டு ஆராய்ச்சிக் குழு. அந்நாட்டு மக்கள் தொலைக்காட்சி பார்த்து அனுப்பிய நன்கொடையில் வளர்ந்த ழெனெத்தோன் ஆய்வுக்கூடமும், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக் குழந்தைகள் மருத்துவமனையும் வழி வகுத்தன. சர்க்கார் பணமும், பெற்றோர் திரட்டிய பணமும் அதில் கலந்தன. மருந்து பலிக்கும் என்று தெரிந்தபின், 2018-ல் அதை வைத்திருந்த கம்பெனியை 870 கோடி டாலருக்கு நோவார்ட்டிஸ் வாங்கியது. 2019-ல் அது வைத்த விலை, ஒரு குழந்தைக்கு 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர்!

பத்தாண்டுக்கு வேறு மருந்து வாங்கும் செலவைவிட இது மலிவு என்பது கம்பெனியின் வாதம். அந்த வேறு மருந்துக்கு விலை வைத்தவர் யார்? இன்னொரு கம்பெனி! ஒரு வட்டிக்காரன் கணக்குக்கு இன்னொரு வட்டிக்காரன் சாட்சி.

கடல் கடந்த கதை என்று தள்ளவும் முடியவில்லை. 2021-ல் தமிழ்நாட்டிலும் இம்மருந்துக்கு 16 கோடி ரூபாய் வேண்டிப் பெற்றோர் ஊரார்முன் கைநீட்டினர். ஆலைத் தொழிலாளி ஆயுள் முழுதும் உழைத்தாலும் காணாத தொகை.

குலுக்கலுக்கு வருவோம். மருந்துக்கு அனுமதி கிடைக்காத நாடுகளின் குழந்தைகளுக்கென்று ஆண்டுக்கு 100 ஊசி இலவசம் என்றது கம்பெனி. இரு வாரத்துக்கு ஒருமுறை தேர்வு. சீட்டு விழாத பிள்ளை அடுத்த தடவைக்குக் காத்திருக்கலாம். இரண்டு வயது நிரம்பிவிட்டால் அதற்கும் இடமில்லை.